மலைச் சிற்றாலய ஊழியம்: ஞாயிறு போக என்ன வேலை?

கேள்வி:
மலையில் ஒரு சிற்றாலயத்தில் ஊழியம் செய்ய என்னை அழைத்திருக்கிறார்கள். போதகர் ஒருவர், பகுதிநேர உபதேசியார் ஒருவர், அவ்வளவுதான். ஞாயிறு ஆராதனை போக மற்ற நாட்களில் என்ன வேலை இருக்கும்?

பதில் 1:
ஆராதனைதான் அங்கே சின்ன வேலை! பல வருடம் அப்படியோர் ஆலயத்தில் இருந்தவன் சொல்கிறேன். பாதை அடைபட்டால், தனியாக இருக்கும் முதியவருக்கு மருந்து கொண்டுபோவது யார்? துக்க வீட்டில் இரவு முழுக்க உடன் இருப்பது யார்? இதை முதலில் போதகரிடம் கேளுங்கள். அப்புறம், ஆலயச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். புயல் இரவில் யாராவது கதவைத் தட்டினால் உடனே திறக்க ஆள் வேண்டும்.

பதில் 2:
சுவிட்சர்லாந்தில் 2,469 மீட்டர் உயரத்தில் உள்ள கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயைப் பாருங்கள். அங்கே 11ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஒரு விடுதி இருக்கிறது. அகுஸ்தினார் சபைத் துறவிகள் ஜெபத்தையும் வழிப்போக்கரைக் காப்பதையும் ஒரே ஊழியமாகவே செய்து வந்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் சாலையை மூடிவிடுவார்கள். விடுதியை மூடுவதில்லை.

கேள்வி கேட்டவர்:
சரி, நாளைக்கே போதகரிடம் பேசுகிறேன். சாவி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி ஐயா.