மறு: உணவு வழங்கல் சங்கிலியின் 'ரெசிலியன்ஸ்' (resilience, நெருக்கடியிலும் அறுந்துபோகாமல் இயங்கும் திறன்) - என்ன சொல் போடலாம்?

> மீள்தன்மை புழக்கத்தில் இருக்கும்போது புதுச் சொல் எதற்கு?

அண்ணா, புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். எங்கள் பௌதிகவியல் பாடத்தில் மீள்தன்மை என்றால், விசையை எடுத்ததும் வில்லுச்சுருள் பழைய நீளத்துக்கு வருவது. கொரோனாத் தொற்றுக் காலத்தில் விசையை எடுக்கும்வரை வயிறு காத்திருக்குமா? அழுத்தம் இருக்கும்போதே சாமான் அடுப்படிக்கு வந்து சேர்கிறதா என்பதைத்தான் இந்தச் சொல் சொல்லவேண்டும்.

திருகோணமலையையே பாருங்கள். 2020 மார்ச் 20இல் நாடு முழுக்க ஊரடங்கு. கரட், லீக்ஸ் போன்ற மலைநாட்டு மரக்கறி தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் என்ற மொத்தச் சந்தையைத் தொட்டு, ஏ6 வீதியால் ஹபரணை, கந்தளாய் தாண்டி வரவேண்டும். அந்த வீதி இறுகினால் கரட் இல்லை. கந்தளாய், தம்பலகாமம் நெல்லோ பக்கத்திலேயே கிடக்கிறது. ஒரே சாப்பாட்டுத் தட்டுக்குள் இரண்டு சங்கிலி!

ஒக்டோபரில் வந்தது வேறு மாதிரி. கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனாக் கொத்தணி (ஓரிடத்தில் பலருக்கு ஒன்றாகத் தொற்று), சந்தைக்குப் பூட்டு. மீன் தின்றால் தொற்றும் என்று சனம் பயந்துபோனது. மீன்பிடித்துறைக்கு முன்பு அமைச்சராக இருந்த திலிப் வெதஆராச்சி நவம்பரில் ஊடகங்களுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டும் அளவுக்குப் போனது விஷயம். இப்படியான நேரத்தில் கரையிலிருந்து இழுக்கும் கரைவலையில் விழுந்த மீனை என்ன செய்வது? நெத்தலி என்றால் பரப்பிக் காயவைத்தால் போதும். பாரை என்றால் கீறிக் குடலெடுத்து, சதைக்குள் உப்பு இறங்கத் தேய்த்து வெயிலில் போடவேண்டும். உப்பு நிலாவெளியில் விளைகிறது. கொழும்பு லொறிக்கு ஈடாகக் கருவாடு. ஐஸுக்கு ஈடாக உப்பு.

ஆகவே என் முன்மொழிவு: ஈடுகொடுதிறன். நெருக்கடிக்கு ஈடுகொடுத்து நிற்பதும் அதில் உண்டு, ஒன்றுக்கு ஈடாக இன்னொன்றைக் கொண்டுவருவதும் உண்டு.

> தாங்குதிறன் போதாதா, தம்பி?

பாலத்துக்குப் போதும், டீச்சர். கிண்ணியாப் பாலம் பாரத்தைத் தாங்கவேண்டும், உருவம் மாறக்கூடாது. உணவு வழங்கல் உருவம் மாறினால்தான் பிழைக்கும். சந்தையைப் பூட்டினால் ஊரடங்குப் பாஸ் எடுத்த சாமான் வான் ஒழுங்கைக்குள் வரவேண்டும்.

'சப்ளை' என்பதற்கு 'வழங்கலா, நிரம்பலா' என்ற மற்றக் கேள்விக்கு: இங்கே பொருளியல் படித்தவர்களுக்குக் 'டிமாண்ட், சப்ளை' என்றால் கேள்வியும் நிரம்பலும்தான் பழக்கம், தமிழ்நாட்டில் தேவையும் அளிப்பும். 'வழங்கல் சங்கிலி' இரு பக்கமும் விளங்கும். அதையே வைப்போம், அதில் சண்டை வேண்டாம்.

ஒரு குறை எனக்கே தெரிகிறது. 'ஈடுகொடுதிறனுள்ள உணவு வழங்கல் சங்கிலி' என்று எழுதினால் வாய்க்குள் நுழையவில்லை. அடைமொழியாக வரும் இடத்தில் 'ஈடுகொடுக்கும் வழங்கல் சங்கிலி' என்று விட்டுவிடலாமா? கரைவலைச் சம்மாட்டிமாரும் (வலைச் சொந்தக்காரர்) கிண்ணியாத் தயிர்க்காரரும் வழக்கமான வழி அடைபட்டு வேறு வழியால் அனுப்புவதற்கு ஏதும் சொல் வைத்திருந்தால், அந்தப் பக்கத்து ஆட்கள் எழுதுங்கள். அது இதைவிட நல்லதாக இருந்தால் என்னுடையதைத் தூக்கிப் போடலாம்.