குளிச்ச மறுநாள் காது அடைப்பு: குறும்பியா, நரம்பா?

ஆத்தங்கரை:
அப்பாவுக்கு 58 வயசு, சுகர் இருக்கு. ஞாயித்துக்கிழமை தாமிரபரணி ஆத்துல, குறுக்குத்துறையில முங்கிக் குளிச்சாங்க. திங்கக்கிழமை காலையில எந்திரிக்கும்போதே இடது காது அடைச்சிருக்கு. போனை அந்தப் பக்கம் வச்சா ஒண்ணுமே கேக்க மாட்டேங்கு. வலி இல்ல, 'ஙொய்'னு இரைச்சல் மட்டும் விடாம இருக்கு. பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ஊத்தச் சொல்லுதாங்க. இன்னைக்கு புதன். குறும்பிதானா அண்ணாச்சி?

பாளை ஆடியோ:
எண்ணெய் வேண்டாம். சவ்வுல ஓட்டை இருந்தா நேரா நடுக்காதுக்குள்ள போயிரும். சூடு கூடினா உள்தோல் வெந்துரும், சுகர்காரங்களுக்கு அந்தப் புண்ணு லேசுல ஆறாது.

குளிச்சு ஏறுன உடனே அடைச்சிருந்தா, குறும்பி தண்ணியில ஊறி ஊதியிருக்கும்னு நினைக்கலாம். இது ஒரு ராத்திரி தள்ளி, தூங்கி எந்திரிக்கையில வந்திருக்கு. அதான் யோசனையா இருக்கு.

வாயை மூடிக்கிட்டு 'ம்ம்ம்'னு கனமா முனங்கச் சொல்லுங்க. சத்தம் அடைச்ச காதுல பெருசாக் கேட்டா குறும்பி, தண்ணி, பூஞ்சை மாதிரி வழியில உள்ள தடை. நல்ல காதுப் பக்கம் ஓடுனா கோளாறு உள்காதுல, இல்லன்னா நரம்புல. உங்க காது ஒண்ணை விரலால பொத்திக்கிட்டு முனங்கிப் பாருங்க, பொத்துன பக்கம்தான் சத்தம் கூடும். டாக்டர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெத்தியில வச்சுப் பாக்கதும் இதைத்தான்.

வண்ணார்பேட்டை மெடிக்கல்:
உள்ள பாத்து குறும்பின்னு உறுதியானா மட்டும் சொட்டு மருந்து. சோடா கிளிசரின் 4, 5 சொட்டு, ஒரு நாளைக்கு 3 வேளை, 3லேருந்து 5 நாள். ஒருச்சாய்ச்சுப் படுத்து 5 நிமிஷம் அசையக் கூடாது. முதல் நாள் குறும்பி ஊதி அடைப்பு கூடத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். அப்புறம் ஆஸ்பத்திரியில தண்ணி பீச்சி எடுப்பாங்க. தண்ணி உடம்புச் சூட்டுல, 37 டிகிரி இருக்கணும், இல்லன்னா தலை சுத்திரும். சீழோ ஓட்டையோ இருந்தா பீச்சவே கூடாது. பட்ஸ், கோழி இறகு, ஊக்கு எல்லாமே குறும்பியை உள்ளதான் தள்ளும்.

அரிப்பு இருந்து, நனைஞ்ச காகிதம் மாதிரி அழுக்குல கறுப்புப் புள்ளி தெரிஞ்சா அது பூஞ்சை. அதுக்கு மருந்தே வேற.

ஆத்தங்கரை:
முனங்கச் சொல்லிப் பாத்தாச்சு. வலது காதுலதான் கேக்காம். மூணு தடவையும் அதே பதில்.

பாளை ஆடியோ:
அப்போ இன்னைக்கே ஹைகிரவுண்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. 'திங்கக்கிழமை காலையில திடீர்னு போச்சு'ன்னு முதல்லயே சொல்லணும். வெறும் 'காது அடைப்பு'ன்னா வரிசையில கடைசியா நிக்க வேண்டியிருக்கும். ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேக்குன்னு அளக்குற சோதனை, எடுக்கச் சொல்லிக் கேளுங்க. 72 மணி நேரத்துக்குள்ள, அடுத்தடுத்த 3 அதிர்வெண்ணுல கேக்குற திறன் 30 டெசிபல் குறைஞ்சிருந்தா அது திடீர் நரம்புச் செவிடு. ஸ்டீராய்டு முதல் 2 வாரத்துக்குள்ள தொடங்குனாத்தான் நல்ல பலன். மாத்திரை சுகரை ஏத்தும், அதனால சுகர் சீட்டைக் கொண்டு போங்க. சவ்வு வழியா நடுக்காதுலயே ஊசி போடுத வழியும் இருக்கு, அதையும் கேளுங்க. ஒத்தைக் காதுங்கதால நரம்புல கட்டி இருக்கான்னு பாக்க எம்.ஆர்.ஐ.யும் எடுக்கச் சொல்லுவாங்க.

வாய் கோணுனாலோ, பேச்சு குழறுனாலோ, நிக்க முடியாம தலை சுத்துனாலோ ஓ.பி. சீட்டுக்கு நிக்காதீங்க. 108ஐக் கூப்பிட்டு நேரா அவசரப் பிரிவுக்குப் போயிருங்க.