மறு: டேப்புக்கு அடியில் புகும் பெயிண்டுக்கு ஒரு சொல் வேண்டும்

அன்பு நண்பர்களே,

பிளாஸ்டிக் விமான மாதிரி செய்யும் மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறேன்.

1944 ஜூனில் நார்மண்டிப் படையிறக்கத்துக்காக நேசநாட்டு விமானங்களில் அடித்த கறுப்பு வெள்ளைப் பட்டைகள்தான் பயிற்சி. ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒரு பட்டை 18 அங்குலம்; 1/48 அளவு மாதிரியில் சுமார் 9.5 மி.மீ. வெள்ளை அடித்து, காயவிட்டு, டேப் ஒட்டிக் கறுப்பு அடிக்கிறோம். டேப்பை உரித்தால் கறுப்பு அடியில் புகுந்து, ஓரமெல்லாம் பூரான் கால் மாதிரி நிற்கிறது. இதைத்தான் ஆங்கிலத்தில் 'ப்ளீட்' (bleed) என்கிறார்கள். இப்போதைக்கு 'வண்ணக் கசிவு' என்று போட்டிருக்கிறேன். டேப்புக்கு 'மறைப்பு நாடா'. சரியா?

*

தம்பி,

கசிவு வேண்டாம். குழாய்க்கும் எரிவாயுவுக்கும் அது போய்விட்டது. அதோடு, உள்ளே இருப்பது வெளியே வருவதுதான் கசிவு. 'காதலாகிக் கசிந்து' என்று சம்பந்தர் பாடும்போதும் உள்ளம்தான் வெளியே வழிகிறது. உங்கள் பெயிண்ட் எதற்குள்ளிருந்தும் வரவில்லை. ஓரிடத்துக்கென்று விட்டது பக்கத்து இடத்துக்கும் போய்விடுகிறது. அதற்கு ஔவையே சொல் தந்திருக்கிறாள்: 'நெல்லுக்கு இறைத்த நீர் வாய்க்கால் வழியோடிப் புல்லுக்கும் ஆங்கே பொசியுமாம்.' டேப்தான் வரப்பு, பெயிண்ட்தான் நீர். 'பொசிவு' என்று வையுங்கள். 'பொசிப்பு' என்று எழுதிவிடாதீர்கள். பொசித்தல் என்றால் புசித்தல் என்றும் பொருள் உண்டு, சாப்பாட்டில் போய் நிற்கும்.

நாடா உருதுவழி வந்த சொல். 'மறைப்புப் பட்டை' போதும்.

*

ஐயா, மன்னிக்கணும். விமானத்தில் அடிப்பதும் பட்டை, ஒட்டுவதும் பட்டையா? 'வெள்ளைப் பட்டைமேல் மறைப்புப் பட்டையை ஒட்டிக் கறுப்புப் பட்டை அடிக்கவும்' என்று எழுதினால் எந்தப் பிள்ளைக்குப் புரியும்? நாடா இருக்கட்டும். நம் நெசவாளர் தறியில் ஓடுவதும் நாடாதான்.

பொசிவு அழகான சொல். ஆனால் என் எட்டாம் வகுப்பில் யாருக்கும் தெரியாது. மட்டமான தாளில் எழுதினால் 'மை ஊறுது மிஸ்' என்பார்கள். 'ஊறல்' என்று வைத்தால் நான் விளக்கவே வேண்டாம்.

*

அக்கா, ஊறல் இங்கே பொருந்தாது. தாள் மையைக் குடிக்கும். பிளாஸ்டிக் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. இருபது வருடமாக மாதிரி செய்கிறவன் என்பதால் சொல்கிறேன்: சொல் தவறினால் வைத்தியமும் தவறும்.

நடப்பது பாடப்புத்தகத்தில் இருக்கும் நுண்புழை நுழைவுதான். டேப் ஓரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மயிரிழை இடுக்கு இருக்கும். நீர்த்த பெயிண்டை அந்த இடுக்கே உள்ளே இழுத்துக்கொள்ளும். தகடுகள் சேருமிடத்தைக் காட்டும் பள்ளக் கோடு குறுக்கே வந்தால் அது வாய்க்காலேதான். 'கசிவு' என்று கேட்ட பையன், அடைத்தால் போதும் என்று டேப்புக்குமேல் டேப் ஒட்டுவான். ஒட்டினால் இடுக்கு போகாது. முதலில் பல்குத்தியால் டேப் ஓரத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். அப்புறம், கறுப்புக்கு முன் அடியில் இருக்கும் அதே வெள்ளையை ஓரத்தில் ஒரு மெல்லிய கை அடிக்க வேண்டும். உள்ளே போகப்போவது அந்த வெள்ளை. வெள்ளைமேல் வெள்ளை தெரியாது. அது காய்ந்து இடுக்கை அடைத்தபின் கறுப்புக்கு வழியில்லை. கறுப்பையும் மெல்லிய படலங்களாக அடிக்கணும், பெயிண்ட் தெளிக்கும் துப்பாக்கியின் முனை டேப் ஓரத்துக்கு எதிர்முகமாகப் பார்க்கக் கூடாது. உரிக்கும்போது டேப்பை அதன்மேலேயே மடக்கி, மெதுவாக.

அதையும் மீறிப் புகுந்துவிட்டால்: அடியில் அக்ரிலிக் (நீர்வகைப் பெயிண்ட்) நன்றாகக் காய்ந்திருந்து, மேலே புதிதாக அடித்தது எனாமல் (எண்ணெய்வகைப் பெயிண்ட்) என்றால், ஒயிட் ஸ்பிரிட் என்ற கரைப்பான் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுக்கலாம். இரண்டும் அக்ரிலிக் என்றால் முழுக்கக் காயவிட்டு, 2000 எண் உப்புத்தாளை நனைத்து லேசாகத் தேய்க்கணும். இல்லாவிட்டால் கறுப்பை மறைத்து மறுபடி வெள்ளை.

நீர் வேறு வழி கண்டுபிடிக்கிறது என்பதைச் சொல்வது பொசிவு ஒன்றுதான். என் ஓட்டு அதற்கு.

*

தம்பி, 'அடிப்பொசிவு' என்றால் இன்னும் துல்லியம். பொசிதலின் வேர் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

*

ஐயா, 'அடிப்பொசிவு' தலைப்புக்கு நீளம். மூன்று பேர் பொசிவுக்கு ஓட்டு, இரண்டு பேர் ஊறலுக்கு. கையேட்டில் 'பொசிவு' என்றே போட்டுவிட்டேன். வரும் முதல் இடத்தில் மட்டும், 'டேப்புக்கு அடியில் பெயிண்ட் புகுந்துவிடுவது' என்று விளக்கியிருக்கிறேன். மறைப்பு நாடா அப்படியே. அச்சகம் காத்திருக்கிறது.

*

அச்சாகட்டும். பிளாஸ்டிக் குடிக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் திங்கட்கிழமை வகுப்பில் நான் 'ஊறிடுச்சு' என்றுதான் சொல்வேன். அந்த விளக்க வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள், தம்பி.