செம்பருத்தியை அழுத்தினால் கறுக்கிறதே, ஏன்?

கேள்வி: தடிமனான புத்தகத்துக்குள் வைத்தால் காகிதப்பூ நிறம் மாறாமல் வருகிறது. செம்பருத்தி மட்டும் பழுப்பாகித் தாளோடு ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: ஈரம் மெதுவாக வெளியேறுவதுதான் காரணம். காகிதப்பூவில் நிறமாகத் தெரிவது இதழே அல்ல, பூவடிச் செதில், அதாவது நிறம் மாறிய இலை (உள்ளே இருக்கும் வெள்ளைக் குழல்தான் பூ). அதில் நீர் குறைவு. செம்பருத்தியிலோ வழவழப்பான சாறு நிறைய. பனி காய்ந்த பிறகு பறித்து, காம்பையும் நடுத்தண்டையும் நீக்கி, ஐந்து இதழ்களையும் தனித்தனியே பரப்புங்கள். பளபளப்புத் தாள் ஈரத்தை உறிஞ்சாது, உறிஞ்சுதாள் வேண்டும். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்றுங்கள். பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். பிறகு இரண்டு வாரம் எடை.

பதில் 2: மழைக்காலத்தில் இரண்டு வாரம் போதாது, பூஞ்சை பிடிக்கும். இதழை இரு தாள்களுக்கு நடுவே வைத்து, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் 10-15 விநாடி அழுத்தி எடுங்கள். ஆறவிட்டு மறுபடி. தேய்த்தால் இதழ் சுருங்கிவிடும். நீராவி கூடவே கூடாது.

கேள்வி கேட்டவர்: ரோஜாவை முழுசாக?

பதில் 1: அதற்கு சிலிகா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் குருணை). மூடியுள்ள டப்பாவில் 3 செ.மீ. பரப்பி, பூவை நிமிர்த்தி வைத்து, இதழ் இடுக்கெல்லாம் நிரம்பும்படி மெதுவாகக் கொட்டி மூடுங்கள். ஒரு வாரம். ஆரஞ்சு நிறக் குருணை வாங்குங்கள். நீல நிறத்தில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் உப்பு இருக்கும்.

பதில் 2: எப்படிக் காயவைத்தாலும் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், சிவப்பு சீக்கிரம் வெளுக்கும்.