மறு: 'இழுப்பு நீளம்' சரியா?

வணக்கம்.

> துப்பாக்கிக் கட்டுரையில் 'லெங்த் ஆஃப் புல்' என்பதை 'இழுப்பு நீளம்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

சொல்லுக்குச் சொல் சரி, பொருள்தான் கைநழுவிப் போகிறது. இழுப்பு நீளம் என்று படிக்கிறவர், விசையை, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கிற உறுப்பை (டிரிகர்), எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்றே நினைப்பார். அது வேறு அளவு, சில மில்லிமீட்டர்தான். நீங்கள் சொல்வது விசையின் முகத்திலிருந்து பிடங்கின் (தோளில் பதிகிற பின்கட்டையின்) பின்முனை நடுப்பகுதி வரை உள்ள தூரம். பெரியவர்களுக்கான வேட்டைத் துப்பாக்கிகளில் இது பெரும்பாலும் 13.5 அங்குலத்தை ஒட்டி வரும். சிறுவர்களுக்கானவற்றில் 12, 12.5.

அந்தப் பெரிய துப்பாக்கியைச் சின்னப் பெண் ஒருத்தி தோளில் ஏற்றுவதைப் பாருங்கள். விசை எட்டாது. கழுத்தை நீட்டுவாள், உடம்பைப் பின்னால் சாய்ப்பாள், பிடங்கு தோள்குழியை விட்டுக் கைச்சதைக்கு நழுவிவிடும். உதைப்பு அங்கேதான் விழும். இரண்டு தடவை வலித்தால் மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டுதான் சுடுவாள். பிடங்கு ரொம்பக் குட்டையாகிவிட்டால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும், துப்பாக்கிமேல் பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைப் பதம் பார்க்கும்.

துப்பாக்கி காலி என்று உறுதிசெய்துகொண்டு, பிடங்கை முழங்கை மடிப்பில் வைத்து விரல் விசையைத் தொடுகிறதா என்று பார்ப்பது வழக்கம். அது தோராயம்தான். தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பதித்தபின் மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருந்தால் சரி. அதையும் வேட்டைக்குப் போடுகிற தடித்த உடுப்போடு பார்க்க வேண்டும்.

ஆக, கேள்வி எல்லாம் 'எட்டுகிறதா?' என்பதுதான். எட்டம் என்றால் தூரம். அதனால் விசையெட்டம் என்பது என் பரிந்துரை.

> 'தோளளவு' எளிதாக இருக்குமே?

தையற்காரரிடம் போய் நிற்கிற மாதிரி இருக்கிறது ஐயா. தவிர, கை நீளமும் கழுத்தும் இதில் சேர்த்தி.

> 'விசை' இயற்பியலில் வேறு பொருளில் வருகிறதே?

வரட்டும். துப்பாக்கி பற்றிப் படிக்கும்போது யாரும் நியூட்டனை நினைக்க மாட்டார்கள். சிலர் இதற்குக் 'குதிரை' என்பார்கள், ஆனால் குதிரை சுத்தியல்போல் அடிக்கிற உறுப்பு.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: "பிடங்கில் ஓர் அங்குலம் அறுத்து விசையெட்டத்தைக் குறைத்தோம். அறுத்த துண்டு பத்திரமாக இருக்கிறது, பிள்ளை வளர்ந்ததும் திரும்பப் பொருத்தலாம்." உறுத்தவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. பிடங்கைக் குறைத்தால் கண் முன்னால் வந்துவிடும், தொலைநோக்கியையும் முன்னே தள்ள வேண்டும். கண்ணுக்கும் அதன் பின்கண்ணாடிக்கும் இடையே இருக்க வேண்டிய மூன்று, மூன்றரை அங்குலத்துக்குக் 'கண்ணெட்டம்' என்று இதே வரிசையில் சொல்ல ஆசை. ஆனால் 'கண்ணுக்கெட்டிய தூரம்' குறுக்கே வந்து நிற்கிறதே, என்ன செய்யலாம்?