வாடகைக்கு அரசு மானியம் உண்டா? பதிந்து தர 2,000 ரூபாய் கேட்கிறார்கள்

பேட்டை வளவு வீட்டுக்காரி:
வணக்கம். திருநெல்வேலி பேட்டையில் பல வீடுகள் சேர்ந்த ஒரு வளவுக்குள், ஓர் அறையும் அடுப்படியும் மட்டுமே உள்ள வீட்டில் மாதம் 4,500 ரூபாய் வாடகைக்கு நான்கு பேர் குடியிருக்கிறோம். கணவர் டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார்; நான் பீடி சுற்றுகிறேன். வாடகையில் பாதியை அரசே மாதந்தோறும் வங்கிக் கணக்கில் போடும் திட்டம் வந்திருப்பதாகவும், ஆதார் நகலும் 2,000 ரூபாயும் கொடுத்தால் பதிந்து தருவதாகவும் தெருவில் ஒருவர் சொல்லி வருகிறார். மூன்று வீட்டில் கொடுத்தும் விட்டார்கள். அப்படியொரு மானியம் இருக்கிறதா? வீட்டுக்காரர் நாற்பது பக்க நோட்டில் வாடகையை வரவு வைத்துக் கையெழுத்துப் போடுவதைத் தவிர எங்களிடம் வேறு சீட்டு எதுவும் இல்லை.

தச்சநல்லூர்த் தம்பி:
பணம் கொடுக்காதீர்கள், அக்கா. குடியிருப்பவர் கணக்கில் மாதாமாதம் வாடகைப் பணம் போடும் பொதுவான திட்டம் தமிழ்நாட்டில் இல்லை. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 'வாடகை வீடு' என்றொரு பிரிவு இருப்பது உண்மைதான். ஆனால் அதில் வரும் மானியம் வாடகைக்கு விடுவதற்கென்றே குடியிருப்பு கட்டுபவருக்குப் போகிறதே தவிர நம் கைக்கு வருவதில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் இந்த ஆட்கள் கதை கட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆதார் எண்ணோடு, கைப்பேசிக்கு வரும் ஓடிபியையும் அந்த மூன்று வீட்டார் சொல்லியிருந்தால், வங்கிக்குப் போய்க் கணக்கை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்:
தம்பி சொன்னது சரி. இருந்தாலும் உங்களைப் போன்றவர்களுக்கு வழியே இல்லை என்று ஆகிவிடாது, தாயி. அதே திட்டத்தில், ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் ஆகிய எவர் பெயரிலும் நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இல்லாத குடும்பம், அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கேட்டு விண்ணப்பிக்கலாம். அது இலவச வீடு அல்ல; பயனாளியின் பங்குத்தொகையைக் கட்ட வேண்டியிருக்கும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவி பெயரிலோ இருவர் பெயரிலோ ஒதுக்கீடு பெறுவதுதான் முறை.

முதலில் வருமானச் சான்றிதழ் வாங்குங்கள். இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய்தான். மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். பீடி வருமானத்தை மறைக்க வேண்டாம். கணவர் சம்பளத்தையும் அதையும் சேர்த்தாலும் நீங்கள் வரம்புக்குள்தான் இருப்பீர்கள் என்று தோன்றுகிறது, மறைத்தது விசாரணையில் தெரிந்தால் மனுவே கெட்டுப்போகும்.

அடுத்தது அந்த நோட்டு. அதைப் பத்திரமாக வைத்திருங்கள், ஆனால் அதோடு நிற்க வேண்டாம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி நகர்ப்புறத்தில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும்.

பேட்டை வளவு வீட்டுக்காரி:
மிக்க நன்றி, அண்ணாச்சி. ஒப்பந்தம் கேட்டால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. 30,000 ரூபாய் அட்வான்ஸ் அவரிடம் இருக்கிறது.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்:
4,500 வாடகைக்கு 30,000 அதிகம். வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, அதாவது 13,500 ரூபாய். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், முன்பணம் பற்றி எழுதியிருப்பதை ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒப்பந்தம் வேண்டும் என்று சண்டைக்குப் போவதுபோல் நிற்காமல், ரேஷன் கார்டில் முகவரி மாற்ற வேண்டியிருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இணங்கிவிடுவார்கள்.

தச்சநல்லூர்த் தம்பி:
அந்த மூன்று வீட்டாரையும் கூட்டிக்கொண்டு திங்கள்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில், பணம் வாங்கிய அந்த ஆளைப் பற்றி ஒரு மனுவும் கொடுத்துவிடுங்கள், அக்கா. பதிவு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் மட்டும் திரும்பிவிட வேண்டாம்.