பெயர்ப் பலகை மட்டும் மாறியதா?

கேள்வி:
1953-இல் பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தான நெறிமுறையால், அதாவது நாடுகளுக்கிடையேயான ஒப்பந்தத்தால், பிறந்தது ஐரோப்பியப் போக்குவரத்து அமைச்சர்கள் மாநாடு. 2006-இல் டப்ளினில் கூடிய அமைச்சர்கள் அதைச் சர்வதேசப் போக்குவரத்து மன்றமாக மாற்ற முடிவெடுத்தார்கள். பழைய அமைப்பைக் கலைத்துவிட்டார்களா? ஆய்வேட்டில் ஒரு பத்தி எழுத இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன்.

பதில் 1:
கலைக்கவில்லை. சட்ட அடித்தளம் இன்றும் அந்த 1953 நெறிமுறைதான். புது ஒப்பந்தம் என்றால் ஒவ்வொரு நாடும் தனித்தனியே ஏற்புறுதி தர வேண்டும். அதற்குள் லாரிகளே துருப்பிடித்துவிடும். லாரி அனுமதிகளோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்பதால் சொல்கிறேன்: 1974-இல் தொடங்கிய பலதரப்பு ஒதுக்கீடும், அதாவது ஒரே அனுமதியில் பல நாடுகளுக்குச் சரக்கு கொண்டுசெல்லும் ஏற்பாடும், ஐரோப்பிய உறுப்பினர்களுக்குத் தொடர்கிறது. பழைய வீட்டை இடிக்காமல் மாடி கட்டினார்கள், அவ்வளவுதான்.

பதில் 2:
மாடி சிறியதல்ல. முன்பு தரைவழியும் உள்நாட்டு நீர்வழியும்தான் முதன்மை. இப்போது கடலும் வானும் சேர்ந்துவிட்டன. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளும் முழு உறுப்பினர்கள். செயலகம் பாரிஸில், முதல் ஆண்டுக் கூட்டம் 2008-இல் ஜெர்மனியின் லைப்சிக்கில்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் என் பத்தியில் ‘கலைப்பு’ என்ற சொல்லை இப்போதே அடித்துவிடுகிறேன்.